எண்ணூறு ரிங்கிட்டுக்குள் ஒரு கைப்பேசி: பெஸ்தாரி ஜெயாவில் ஒரு குடும்பம் தேர்ந்தெடுத்த விதம்

ஒரே வீட்டில் இரண்டு கைப்பேசிகள். ஒன்றை அண்ணன் தவணையில் வாங்கினான். இன்னொன்றைத் தங்கைக்காக அம்மா ரொக்கம் கொடுத்து வாங்கினார். முதல் கைப்பேசி அந்த வீட்டைப் படுத்திய பாடுதான், இரண்டாவதை எப்படி வாங்க வேண்டும் என்று யோசிக்க வைத்தது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய. அதனால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் இருக்கிறது. பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா என்றால் வெளியூர்க்காரர்களுக்கு யூனிசெல் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். எங்கள் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்வார்கள். ஊரைச் சுற்றிச் செம்பனை. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு ஆண்டு தாண்டியும் ஊரின் பிழைப்பில் பெரும்பகுதி அந்த மரத்தைச் சுற்றியே போகிறது. லயத்து வீடுகளுக்கும் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கும் பின்னால் மட்டைகள் அடர்ந்து நிற்கின்றன. கைப்பேசிக்கு அதனால் வரும் சிக்கலைப் பிறகு சொல்கிறேன்.

நான் இந்த ஊரில் கைப்பேசி பழுது பார்க்கிறேன். புதுக் கைப்பேசி விற்பதில்லை. அதனால் "எதை வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் மனதில் பட்டதை அப்படியே சொல்ல முடிகிறது.

அப்பா குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். மகன் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மகளுக்கு டிப்ளோமா படிக்க இடம் கிடைத்தது. இது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில். குறைந்தபட்சச் சம்பளம் பிப்ரவரியில்தான் 1,700 ரிங்கிட் ஆனது. அம்மா சீட்டுப் பணத்திலிருந்து 800 ரிங்கிட் ஒதுக்கி வைத்திருந்தார். "அதுக்கு மேல ஒரு காசு கிடையாது தம்பி. ஆனா வாங்குனா படிப்பு முடியிற வரைக்கும் ஓடணும்," என்றார். கணக்காகப் பார்த்தால் இந்த ஆய்வின் கேள்வி அதுதான்: 800 ரிங்கிட், குறைந்தது மூன்று ஆண்டு.

மகனின் கைப்பேசிக்கு நேர்ந்தது

அதற்கு முந்தைய ஆண்டு மகன் பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு கடையில் கைப்பேசி எடுத்தான். "ஐசி (அடையாள அட்டை) மட்டும் போதும், சம்பளச் சீட்டு வேண்டாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனவன். ரொக்கத்துக்கு 1,099 ரிங்கிட் என்று எழுதியிருந்த மாடல். அவன் முன்பணம் 150 கட்டி, மாதம் 118 வீதம் 12 மாதத்துக்கு ஒப்புக்கொண்டான். மொத்தம் 1,566. அதாவது 467 ரிங்கிட் அதிகம். இது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் இருந்தது, பெட்டியைப் பிரித்ததும் கடைக்காரர் கைப்பேசியில் ஏதோ ஒன்றை ஏற்றிவிட்டுக் கொடுத்தாரே, அது என்ன என்பதுதான்.

ஒன்பதாவது மாதம் தொழிற்சாலையில் ஓவர்டைம் குறைந்தது. தவணை சில நாள் தள்ளிப் போனது. ஒரு நாள் இரவு கைப்பேசியை எடுத்தால் திரை முழுக்க ஓர் அறிவிப்பு: பாக்கித் தொகை, கட்ட வேண்டிய கணக்கு எண், அழைக்க வேண்டிய எண். அவசர அழைப்பைத் தவிர வேறு எதுவும் வேலை செய்யவில்லை. வாட்ஸ்அப் இல்லை, படங்கள் இல்லை, வங்கிச் செயலியும் இல்லை.

இதில்தான் பெரிய சிக்கல். சம்பளம் அன்றைக்குக் காலையிலேயே அவன் கணக்கில் ஏறிவிட்டது. பணம் இருக்கிறது, கட்டவும் தயார். ஆனால் அந்தப் பணத்தை அனுப்ப வேண்டிய வங்கிச் செயலி பூட்டிய கைப்பேசிக்குள் இருக்கிறது. முன்பெல்லாம் குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அடித்தால் போதும். சிம்மைக் கழற்றி அம்மாவின் கைப்பேசியில் போட்டுச் சமாளித்திருக்கலாம். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளுக்குப் பிறகு வங்கிகள் அந்த முறையைக் கைவிட்டுவிட்டு, செயலிக்குள்ளேயே ஒப்புதல் கொடுக்கும் முறைக்கு வந்தன. ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசிதான். வேறு கைப்பேசியில் பதிந்தால் உடனே பணம் அனுப்ப முடியாது, காத்திருப்பு நேரம் இருக்கிறது. மோசடிக்காரர்களைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதன் பிறகு கைப்பேசி நம் வங்கிக் கணக்கின் சாவியாகிவிட்டது. அந்தச் சாவி இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது என்பதை அந்த வீடு அன்றைக்குப் புரிந்துகொண்டது.

பையன் இரவோடு இரவாக என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, ரீசெட் பண்ணித் திறந்து குடுத்துடுங்க" என்றான். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, கடன் தீரும்வரை கொடுத்தவருக்கும் அந்தப் பொருளில் உரிமை உண்டு என்று அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை நான் உடைத்துத் தர மாட்டேன். இரண்டாவது, ரீசெட் செய்தாலும் போகாது. இந்த வகைப் பூட்டு சாதாரணச் செயலி மாதிரி உட்காருவதில்லை. கைப்பேசியை முதன்முதலாக அமைக்கும்போதே அதன் நிர்வாகி என்ற இடத்தில் ஏறிக்கொள்கிறது. சாம்சுங்கின் நாக்ஸ் கார்டு (Knox Guard) போன்றவை, ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணை வைத்து இணையத்திலிருந்தே பூட்டுகின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இணையத்தில் சேர்ந்த நொடியில் திரும்ப வந்து நிற்கும். மறுநாள் காலை அப்பா ஏடிஎம்மில் எடுத்த தம் காசை, பணம் போடும் இயந்திரத்தில் கட்டினார். பிற்பகலில்தான் கைப்பேசி திறந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டியவர் அன்று பாதி நாள் கூலியை விட்டார்.

அம்மாவின் 800 ரிங்கிட்டுக்கு நாங்கள் வைத்த முதல் நிபந்தனை அங்கே பிறந்தது: வாங்கிய நாளிலிருந்து அந்தக் கைப்பேசியை வேறு யாரும் பூட்டக் கூடாது.

மேசை மேல் இருந்த வழிகள்

மகள் நான்கு வழிகளை எழுதிக்கொண்டு வந்தாள். படிக்கிற பிள்ளைக்கே உரிய ஒழுங்கோடு, தாளில் கோடு போட்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

தொலைத்தொடர்பு நிறுவன ஒப்பந்தம் சீக்கிரமே கழிந்தது. "முன்பணம் 0" என்ற துண்டுப் பிரசுரத்தில் மாதம் 98 ரிங்கிட், 24 மாதம் என்று இருந்தது. பெருக்கினால் 2,352. ரொக்கத்தில் 769 ரிங்கிட்டுக்குக் கைப்பேசி வாங்கி, மாதம் 35 ரிங்கிட் ப்ரீபெய்டு போட்டால் இரண்டு ஆண்டுக்கு 1,609. வித்தியாசம் 743 ரிங்கிட். கிட்டத்தட்ட இன்னொரு கைப்பேசி. நம் நாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கொடுக்கும் கைப்பேசிகளில் பொதுவாகச் சிம் பூட்டு இருப்பதில்லை, வேறு சிம்மைப் போட்டாலும் வேலை செய்யும். கட்டு இருப்பது ஒப்பந்தத் தாளில். நடுவில் விட்டால் அபராதம். மழைக்காலத்தில் வேலை நாள் குறைந்தால் ப்ரீபெய்டைச் சின்னத் தொகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தக் கட்டணத்தைக் குறைக்க முடியாது.

இரண்டாவது, ஜப்பானிலிருந்து வந்த பழைய ஐபோன். மகளுக்கு மனசு அங்கேதான். கூடப் படிக்கப் போகிறவர்கள் கையில் அதுதான் இருக்கிறது என்றாள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிற பெண்ணுக்குக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க ஆசை இருக்கும். ஐபோன் எக்ஸ்ஆர், 650 ரிங்கிட், "பூட்டு இல்லாதது, எல்லாச் சிம்மும் போடலாம்" என்று இணையத்தில் விளம்பரம். விற்பவர் பக்கத்து ஊர்க்காரர்தான், நேரில் காட்டச் சம்மதித்தார். போனோம்.

சிம் தட்டை வெளியே இழுத்ததும் பார்த்தேன். சிம்முக்கு அடியில் இன்னொரு தகடு. நகத்தை விட மெல்லியது, நடுவில் தங்க நிறத்தில் தொடுபுள்ளிகள், ஓரத்தில் ஒரு கறுப்புச் சில்லு. சிம்மையும் அதையும் சேர்த்துத் தட்டில் வைத்தால் சரியாகப் பொருந்தும். பார்க்கிறவர் கண்ணுக்குச் சிம் கொஞ்சம் தடிப்பாக இருப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான். ஆர்-சிம் என்று சொல்வார்கள். கைப்பேசி உண்மையில் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்குப் பூட்டியதுதான். இந்தத் தகடு நடுவில் நின்று, நம் சிம்மை அந்த நிறுவனத்தின் சிம் என்று கைப்பேசியை நம்ப வைக்கிறது. இன்று வேலை செய்யும். அடுத்த ஐஓஎஸ் புதுப்பிப்பில் நின்று போகலாம். நின்றால் புதுத் தகடு தேட வேண்டும், அல்லது புதுப்பிக்காமலே ஓட்ட வேண்டும்.

தகட்டைத் தேடாமலேயே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஐபோனில் அமைப்புகளுக்குள் பொது, அதற்குள் இந்தக் கைப்பேசியைப் பற்றி என்ற பக்கம். கீழே நிறுவனப் பூட்டு என்ற வரியில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால்தான் அது பூட்டு இல்லாதது. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளும் பிறப்பிடம் சொல்லும்: ஜே/ஏ என்றால் ஜப்பான், எல்எல்/ஏ என்றால் அமெரிக்கா. ஜப்பானில் 2021 அக்டோபர் முதல் விற்ற கைப்பேசிகளில் சிம் பூட்டு போடுவதற்குத் தடை வந்துவிட்டது. எக்ஸ்ஆர் 2018இல் வந்த மாடல், அதனால் பூட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜப்பான் கைப்பேசியில் படம் எடுக்கும் சத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பலகையைப் படம் எடுக்கும்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அமெரிக்க ஐபோன் என்றால் 14ஆம் வரிசையிலிருந்து சிம் தட்டே இல்லை, இசிம் மட்டும்தான்.

விற்றவர் கோபப்படவில்லை. அவரும் அப்படியே வாங்கியவர்தான் போலிருக்கிறது. மகளுக்கு முகம் வாடிப்போனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோது எக்ஸ்ஆர் அந்தப் பட்டியலில் இல்லை. ஐபோன் 11இலிருந்துதான் கிடைத்தது. தகட்டோடு வாங்கியிருந்தால் சில மாதத்திலேயே புது ஐஓஎஸ் கிடைக்காத நிலைக்கு வந்திருப்பாள்.

மூன்றாவது, கடைக்காரர்கள் ஏபி செட் என்று சொல்லும் இறக்குமதிக் கைப்பேசி. அதே மாடல் மலேசியா செட்டை (இந்த நாட்டு விற்பனைக்கென்றே வருவதை) விட நூறு, நூற்றைம்பது ரிங்கிட் குறைவாகக் கிடைக்கும். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சீனச் சந்தைக்காகச் செய்த கைப்பேசியில் உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றி விற்பதும் இதற்குள்தான் வருகிறது. அப்படி ஏற்ற, கைப்பேசி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்த கைப்பேசியை வங்கிச் செயலிகள் பல ஏற்றுக்கொள்வதில்லை. ஷாவ்மி கைப்பேசியாக இருந்தால் அணைத்து மறுபடி போடும்போது கவனியுங்கள்: திரையின் மேல் பக்கம் திறந்த பூட்டுப் படம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். சீனாவுக்கான மலிவு மாடல்கள் சிலவற்றில் இங்கே தேவையான அலைவரிசை எல்லாம் இருக்காது. நம் ஊரில் 4ஜிக்கு முக்கியமானவை பேண்ட் 1, 3, 7, 8.

இன்னொரு சோதனை, அழைப்பு. நம் நாட்டில் 3ஜி சேவை 2021 முடிவோடு மூடப்பட்டது. இப்போது டேட்டா அறுபடாமல் பேச, அழைப்பு 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்கு வோல்டி வேண்டும். இறக்குமதிக் கைப்பேசியில் நம் நிறுவனத்துக்கான வோல்டி அமைப்பு இல்லையென்றால், அழைக்கும்போதெல்லாம் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும்வரை டேட்டா வராது. சோதிப்பது எளிது. கடையிலேயே நம் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது மேலே 4ஜி அடையாளம் மறைந்து இ அல்லது ஜி வந்தால் வோல்டி இல்லை.

நான்காவது, மலேசியா செட், புதிது, ரொக்கம். அதற்குத்தான் வந்து சேர்ந்தோம். ஆனால் எந்த மாடல், எந்த சிம் என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

லைன் எங்கே கிடைக்கிறது

அந்த வீட்டில் லைன் கிடைக்காத குறை பல நாளாக இருக்கிறது. வாசலில் நின்றால் பேசலாம், அடுப்படிக்குப் போனால் அறுந்துவிடும். புதுக் கைப்பேசி வாங்கினால் சரியாகிவிடும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். பல சமயம் குற்றம் கைப்பேசியில் இருக்காது.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் கைப்பேசியைப் பற்றிய பக்கத்துக்குப் போய், சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு எண்ணாக வரும், கழித்தல் குறியோடு. -85 என்றால் அருமை. -100 என்றால் பரவாயில்லை. -115க்குக் கீழே போனால் வீடியோ வகுப்பு அறுந்து அறுந்து போகும். மேலே தெரியும் கோடுகளை நம்பக் கூடாது. ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு விதமாகக் கோடு போடும்.

சாயங்காலம் எல்லாரும் வீட்டில் இருந்து, அக்கம்பக்கத்தில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அளந்தோம். அம்மா பல ஆண்டாக வைத்திருக்கும் நிறுவனம் அடுப்படியில் -115ஐத் தொட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வேறு நிறுவனச் சிம் இருந்தது. கேட்டு வாங்கி அதே இடத்தில் போட்டால் -97. பதினெட்டு டெசிபெல் வித்தியாசம் என்பது அறுபது மடங்குக்கும் மேல் அதிக வலிமை. கைப்பேசி மாறவில்லை, சுவரும் மாறவில்லை, சிம் மட்டும்தான் மாறியது. முதல் சிம் அந்த வீட்டில் பேண்ட் 7ஐப் பிடித்திருந்தது, 2600 மெகாஹெர்ட்ஸ். இரண்டாவது பேண்ட் 8, அதாவது 900. அலைவரிசை குறையக் குறைய, செம்பனை மட்டைகளையும் சுவரையும் தாண்டி அலை அதிகம் உள்ளே வரும். பக்கத்துத் தோட்டத்தில் இதுவே தலைகீழாக இருக்கலாம், கோபுரம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் எந்த நிறுவனம் நல்லது என்று எழுத மாட்டேன். உங்கள் வீட்டு அடுப்படியில் அளந்து பாருங்கள்.

பூட்டு இல்லாத கைப்பேசியின் அருமை இங்கேதான் தெரிகிறது. எட்டு ரிங்கிட்டோ பத்து ரிங்கிட்டோ கொடுத்து ஒரு சிம் வாங்கி, அறுபது மடங்கு நல்ல சிக்னலுக்குப் போய்விடலாம். நம்பரை மாற்றவும் வேண்டாம். நம்பரை வைத்துக்கொண்டு நிறுவனம் மாறும் வசதி 2008 முதல் இருக்கிறது.

5ஜி வேண்டுமா என்றும் பேசினோம். இங்கே 5ஜி ஓடுவது 700 மெகாஹெர்ட்ஸிலும் 3.5 கிகாஹெர்ட்ஸிலும். இரண்டாவது வேகமானது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. லயத்து வீட்டில் அளந்தபோது 5ஜி வருவதும் போவதுமாக இருந்தது. பணம் தாராளமாக இருந்தால் 5ஜி வாங்குங்கள் என்பேன். எண்ணூறு ரிங்கிட் எல்லையில், அந்தக் கூடுதல் காசைக் கூடுதல் ஆண்டுகளுக்குக் கொடுப்பது மேல். 3ஜி போன மாதிரி 4ஜியும் சீக்கிரம் போய்விடுமா என்று அப்பா கேட்டார். அழைப்புகளே இன்று 4ஜியில்தான் போகின்றன, இந்தப் படிப்பு முடிவதற்குள் அது நடக்காது என்று சொன்னேன்.

இரண்டு மாடல்கள்

கடைசியில் இரண்டு நின்றன: ரெட்மி 13சி, சாம்சுங் கேலக்ஸி ஏ16 4ஜி.

ரெட்மி விலை குறைவு, 800இல் முந்நூறுக்கும் மேல் மிச்சமாகும். 5000 எம்ஏஎச் பேட்டரி, 50 மெகாபிக்சல் கேமரா. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஹீலியோ ஜி85 சில்லு, திரை எச்டி பிளஸ் அளவுதான், சேமிப்பகம் இஎம்எம்சி 5.1. கடைசிச் சொல்லைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். என் மேசைக்கு "ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு" என்று வருகிற மலிவுக் கைப்பேசிகளில் பலவற்றுக்குக் காரணம் அதுதான். வாட்ஸ்அப் படங்களும் வீடியோவும் நிரம்ப நிரம்ப, இந்த வகைச் சேமிப்பகம் மூச்சு வாங்கும். யுஎஃப்எஸ் வகை அப்படி இல்லை.

ஏ16க்கு ஹீலியோ ஜி99 சில்லு, 6.7 அங்குல எஃப்எச்டி பிளஸ் அமோலெட் திரை, அதே 5000 பேட்டரி, தூறல் பட்டால் தாங்கும் ஐபி54. 2024 முடிவில் வந்தது. என்னை அதன் பக்கம் சாய்த்தது வேறு: ஆறு தலைமுறை ஆண்ட்ராய்டு, ஆறு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. 2030 வரை போகும். இந்த விலையில் வேறு எதிலும் நான் இதைப் பார்க்கவில்லை. ரெட்மி 13சிக்கு அவ்வளவு நீண்ட வாக்குறுதி இல்லை. புதுப்பிப்பு என்றால் புது வண்ணமும் புது எழுத்தும் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் வந்து விழும் கணக்கு, அப்பாவின் இபிஎஃப் சேமநிதி, எல்லாமே அந்தக் கைப்பேசி வழியாகப் பார்க்கப் போகிற வீடு இது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத கைப்பேசியில் அதைச் செய்வது எனக்குப் பயமாக இருக்கிறது. வங்கிச் செயலிகளும் பழைய ஆண்ட்ராய்டை ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடும்.

கடையில் இன்னொரு கைப்பேசியைக் காட்டி "16 ஜிபி ராம், இதைவிட மலிவு" என்றார்கள். அட்டையை உற்றுப் பார்த்தால் சின்ன எழுத்தில் 8+8 என்று இருக்கும். உண்மையான ராம் எட்டுதான். மிச்சம் எட்டை சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கி ராம் மாதிரி ஓட்டுகிறார்கள். வேகத்தில் அது ராமுக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வாங்கிய நாள்

அம்மாதான் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கடைப் பையன் பழக்கத்தில், "அக்கா, இன்ஸ்டால்மென்ட் வேணுமா? ஐசி இருந்தா போதும்," என்றான். "காசு கொண்டாந்துருக்கேன் தம்பி, பெட்டியக் காட்டு," என்று மட்டும் சொன்னார்.

பெட்டியில் சிரிம் தர முத்திரையும் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் அடையாளமும் இருந்தன. செக் யுவர் லேபிள் செயலியில் மகள் சரிபார்த்தாள். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அடித்தால் திரையில் வரும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ, பெட்டியில் இருப்பதோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்தோம். ரசீதிலும் அந்த எண்ணை எழுதித் தரச் சொன்னோம். கடைக்காரர் அதை விரும்பவில்லை, ஆனால் எழுதினார். பெட்டியைப் பிரித்து முதல் அமைப்பை மகளே செய்தாள், கடைக்காரர் கையில் கொடுக்கவில்லை. பூட்டுத் திரையில் "இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்ற பொருளில் ஏதாவது ஆங்கில வரி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. செகண்ட் ஹேண்ட் ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்கள் இந்த வரியைக் கட்டாயம் தேட வேண்டும். யாரோ ஒருவர் தவணையை முடிக்காமலே விற்ற கைப்பேசியாக இருந்தால் அங்கேதான் தெரியும். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு வெளியேறாமல் இருக்கிறதா என்பதையும் அதோடு பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்.

விலை 769. கண்ணாடியும் உறையும் 25. மொத்தம் 794. பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. அண்ணன் தன்னிடம் உபரியாக இருந்த 25 வாட் சார்ஜரைக் கொடுத்தான். அது இல்லையென்றால் பட்ஜெட் தாண்டியிருக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து ரிங்கிட்டுக்கு விற்கும் முத்திரை இல்லாத சார்ஜரை மட்டும் வாங்காதீர்கள். பேட்டரி உப்பி என்னிடம் வரும் கைப்பேசிகளோடு அந்த சார்ஜர்களும் அடிக்கடி வருகின்றன.

அதன் பிறகு

இரண்டாம் பருவமும் முடிந்துவிட்டது. வகுப்புக் குழுக்கள், பிடிஎஃப் பாடங்கள், இணைய வகுப்பு எல்லாம் ஓடுகிறது. முதல் மாதமே புதுச் சிம்முக்கு மாறினாள். அம்மாவின் பழைய நம்பரும் அதே நிறுவனத்துக்கு வந்துவிட்டது, இப்போது அடுப்படியிலிருந்தே பேசுகிறார். குறை இல்லாமல் இல்லை. இரவில் எடுக்கும் படங்கள் மங்கலாக வருகின்றன. நிறைய செயலிகளைத் திறந்து வைத்தால் கேமரா திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றைத்தான் போட முடியும். அவள் கார்டைத் தேர்ந்தெடுத்தாள். ஐபோன் ஆசை போகவில்லை. வேலைக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள், நல்லதுதான்.

வாங்கிய பொருளில் பழுது இருந்து கடை மறுத்தால் என்ன செய்வது என்று அம்மா ஒருமுறை கேட்டார். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஐஎம்இஐ எழுதிய ரசீதை வற்புறுத்திக் கேட்டதற்கு அது ஒரு காரணம்.

அண்ணனின் கைப்பேசிக்கு வருவோம். பன்னிரண்டு தவணையும் கட்டி முடித்த பிறகும் "நிறுவனத்துக்குச் சொந்தமானது" என்ற அந்த வரி பூட்டுத் திரையில் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்தால் தானாகப் போய்விடும் என்று கடையில் சொன்னார்கள். போகவில்லை. கடன் தீர்ந்ததற்குக் கடிதமும், ஐஎம்இஐ எண்ணை விடுவித்ததற்கு எழுத்து மூலமான உறுதியும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். தங்கைதான் மலாயில் எழுதிக் கொடுத்தாள். பதில் வந்தது. படங்களையெல்லாம் பத்திரப்படுத்திவிட்டு, என் மேசையில் வைத்து ரீசெட் செய்து, வைஃபையில் சேர்த்து, திரும்ப வருகிறதா என்று காத்திருந்து பார்த்தோம். வரவில்லை. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ரசீதோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன்; நாளைக்கு அதை விற்கப் போனால் வாங்குகிறவர் கேட்பார்.